சிபாப் கருவியோடு உறங்கப் பழகுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

உறக்க மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி, பாளையங்கோட்டையில் என் வீட்டில் ஓடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அத்தானுக்கும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் மருத்துவர் அதை எழுதிக் கொடுத்தார். பதினோராம் நாள் அவர் அதைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, பட்டப்பகலில், நாங்குநேரிக்குத் தெற்கே நான்குவழிச் சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவருக்குக் கண் அசந்து, வண்டி நடுத் தடுப்பில் உரசி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. அதன் பிறகு அந்தப் பெட்டி கீழே இறங்கியது. ஆறு வாரங்களில் அவர் இரவு முழுவதும் மாஸ்க் அணிந்து உறங்கப் பழகினார். முதல் முறை அவர் கைவிட்டபோது, பொறுமையில்லாதவர் என்று வீட்டில் எல்லோரும் குறை சொன்னோம். அது தவறு. பகலில் தொடங்கிப் படிப்படியாக இரவுக்குக் கொண்டுபோக வேண்டிய பழக்கம் இது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் படிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காற்று என்ன செய்கிறது

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிகிறது. சிலருக்கு இதனால் மூச்சுப்பாதை குறுகிவிடுகிறது, அல்லது முழுவதும் அடைபடுகிறது. காற்றோட்டம் குறைந்தது 10 வினாடி நின்றுபோனால் அதை ஒரு மூச்சுத்தடையாகக் கணக்கிடுகிறார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையத் தொடங்கியதும் மூளை உடலை அரைவிழிப்புக்குக் கொண்டுவருகிறது. உரத்த ஓர் இழுப்போடு மூச்சு திரும்புகிறது. உறங்குபவருக்கு இது நினைவில் நிற்பதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். "கொறட்டையக் கூடப் பொறுத்துக்கிடலாம் தம்பி. திடீர்னு சத்தம் நின்னு போவுது பாரு, அப்பதான் எனக்கு உசுரே இருக்காது. தட்டி எழுப்பிக்கிட்டே கெடக்கேன்" என்று என் அக்கா சொன்னதை அப்படியே மருத்துவரிடம் சொன்னோம், அவர் உடனே உறக்க ஆய்வுக்கு, அதாவது உறங்கும்போது மூச்சை அளந்து பார்க்கும் சோதனைக்கு, எழுதினார். குறட்டையை அசந்த உறக்கத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அந்த எண்ணத்தால் பல ஆண்டுகள் வீணாகின்றன.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்ற எண்ணிக்கையை ஏஎச்ஐ என்பார்கள். பெரியவர்களுக்கு அது 5 முதல் 15 வரை இருந்தால் லேசான நிலை, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. உங்கள் உறக்க ஆய்வு அறிக்கையில் அந்த எண்ணைத் தேடி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் கழித்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

சிபாப் கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1980இல் சிட்னியில் உருவாக்கினார். அதைப் பற்றிய அவர் குழுவின் கட்டுரை 1981இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அதன் வேலை எளியது. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, சிறு அழுத்தத்தோடு மூக்கின் வழியாகச் செலுத்துகிறது. களக்காட்டு வாழைத் தோட்டங்களில் மரம் சாயாமல் கம்பால் முட்டுக் கொடுப்பதைப் போல, அந்தக் காற்று தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுத்து நிற்கிறது. உங்களுக்காக அது மூச்சு விடுவதில்லை. மூச்சை நீங்கள்தான் விடுகிறீர்கள். அதில் ஆக்ஸிஜன் உருளையும் கிடையாது. இதை வீட்டாருக்கும் உறவினருக்கும் முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது. 'மூச்சு மிஷின் வச்சிட்டாங்களாம்' என்ற செய்தி ஊரில் பரவி, நலம் விசாரிக்க வருகிறவர்கள் முகத்தை வைத்துக்கொள்ளும் விதத்திலேயே அத்தான் பாதி மனம் விட்டுப்போனார்.

வாங்கும் முன்னும் வாங்கும்போதும்

உறக்க ஆய்வு இல்லாமல், கடைக்காரர் சொல்லைக் கேட்டுக் கருவி வாங்க வேண்டாம். அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். கருவிகள் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை கொடுக்கும். உங்களுக்குரிய அளவை மருத்துவர்தான் குறிக்க வேண்டும். ஒரே அழுத்தத்தில் ஓடும் வகையும், தேவைக்கேற்பத் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகையும் உண்டு. வாடகைக்குக் கிடைத்தால் ஒரு மாதம் எடுத்துப் பழகிப் பார்த்துவிட்டு வாங்குவது அறிவுடைமை.

பழைய கருவியைக் குறைந்த விலைக்குத் தருவதாக யாராவது சொன்னால் எச்சரிக்கை வேண்டும். 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம், ஒலியைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து துகள்கள் காற்றில் கலக்கக்கூடும் என்று தன் பல மாதிரிக் கருவிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. கைமாறி வரும் கருவி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று தொடர் எண்ணைக் கொண்டு சரிபார்க்காமல் வாங்கக் கூடாது.

கருவியைவிட மாஸ்க்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மூன்று வகை உண்டு. மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் சிறிய வகை, முகத்தில் எதையும் மாட்டினாலே மூச்சு முட்டுவதாக உணர்பவர்களுக்கு ஏற்றது. மீசை தடித்திருப்பவர்களுக்கும் அதில் கசிவு குறைவு. மூக்கை மூடும் வகை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகை, மூக்கடைப்பு தீராதவர்களுக்கும் வாய் திறந்து உறங்குபவர்களுக்கும் தேவைப்படலாம்; ஆனால் கசிவும் கனமும் அதில்தான் அதிகம். சில மாஸ்க்குகளின் வார்களில் காந்தக் கொக்கி இருக்கிறது. பேஸ்மேக்கர் போன்ற கருவி அல்லது சில வகை உலோகங்கள் உடலில் பொருத்தப்பட்டவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். அவரோடு நெருங்கிப் படுப்பவருக்கும் இது பொருந்தும்.

எனக்கு முதல் மாஸ்க்கைக் கொண்டுவந்தவர் அளவுமானியை எடுக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, வாரை இறுக்கி, 'சரியாயிரும் சார்' என்று பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் மூக்குத் தண்டில் தோல் சிவந்து உரிந்தது. ஒரு அளவு பெரியதை நானே கேட்டு வாங்கி மாட்டிய பிறகுதான் அது ஆறியது. அதனால் சொல்கிறேன்: மாஸ்க்கைப் படுத்த நிலையில், காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது பொருத்திப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் முகமும் படுத்திருக்கும் முகமும் ஒன்றல்ல. படுத்தால் கன்னத்துச் சதை சரிகிறது. முதலில் வார்களைத் தளர்வாக மாட்டி, காற்றை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே தூக்கி விடுங்கள். உள்ளிருக்கும் மென்மையான விளிம்பு காற்றில் உப்பித் தானே உட்காரும். பிறகு இரண்டு பக்க வார்களையும் ஒரே சமயத்தில், கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். வாருக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். முன்பக்கத்தில் சிறு துளைகளின் வழியாக எப்போதும் காற்று வெளியேறிக்கொண்டிருக்கும். நீங்கள் விடும் மூச்சு அதன் வழியாகத்தான் வெளியே போகிறது. அதைக் கசிவென்று நினைத்துப் பிளாஸ்திரி ஒட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அது ஆபத்து.

முதல் வாரம்: பகலில்

முதல் இரண்டு நாள் கருவியை இயக்க வேண்டாம். மாஸ்க்கைக் குழாய் இல்லாமல் கையில் பிடித்து முகத்தில் வைத்து, பத்து எண்ணும் வரை மூச்சு விட்டுவிட்டு எடுங்கள். பிறகு இருபது, ஐம்பது. அதன் பிறகு வாரை மாட்டி, செய்தி பார்த்துக்கொண்டோ நாளிதழ் படித்துக்கொண்டோ கால் மணி நேரம் இருங்கள். எடுக்க வேண்டும் என்று தோன்றினால் உடனே எடுக்கலாம் என்ற உறுதி மனத்துக்கு இருக்க வேண்டும். அந்த உறுதி இருந்தால் எடுக்கத் தோன்றுவது குறைந்துகொண்டே போகும். கண்ணை மூடிக்கொண்டு, இருட்டில், ஒரே கையால் கழற்றிப் பழகுங்கள்.

மூன்றாம் நாள் குழாயை இணைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஓட விடுங்கள். மாஸ்க் முகத்துக்கு வந்த பிறகு காற்றைத் திறக்காமல், காற்று ஓடும்போதே மாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தால் திணறல் குறைகிறது. முதல் சில நிமிடங்களில் மூச்சை வெளியே விடுவதுதான் கடினமாகத் தோன்றும். இழுப்பது எளிது, விடும்போது எதிர்க்காற்று தள்ளும். வாயை மூடி, அவசரமில்லாமல், நீளமாக மூச்சை விடுங்கள். வாயைத் திறந்தால் காற்று மூக்கின் வழி புகுந்து வாயின் வழி பீறிட்டு வரும். அந்தத் திகில் ஒருமுறை பகலில் வந்து போய்விட்டால் இரவில் பயமிருக்காது. அத்தான் இந்தப் படியில் நான்கு நாள் நின்றார். நான்கு நாளும் திண்ணையில் உட்கார்ந்து, அரை அரை மணி நேரமாகக் காலையிலும் மாலையிலும் பழகினார். இந்தப் படி வசப்படாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம். இங்கே செலவிடும் நாட்கள் வீண் இல்லை.

இது வசப்பட்ட பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுத்து, மாஸ்க்கோடு ஒரு குட்டி உறக்கம். உறக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று மதியங்கள் இப்படிக் கழிந்தால் இரவுக்குப் போகலாம்.

படுக்கும் இடத்தைச் சீர்படுத்துதல்

கருவியைப் படுப்பவரின் தலை மட்டத்துக்குக் கீழே வைப்பது விதி; அப்போதுதான் நீரைச் சூடாக்கிக் காற்றுக்கு ஈரப்பதம் சேர்க்கும் தொட்டியின் நீரோ குழாயில் படியும் நீரோ முகத்துக்கு வராது. கட்டிலில் படுப்பவர்களுக்கு இது எளிது. பத்தமடைப் பாய் விரித்துத் தரையில் படுப்பவர்கள் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. நாங்கள் கண்ட வழி இது: உட்காரும் மணைப்பலகை ஒன்றின் மேல் கருவியை வைத்துத் தரைத்தூசியிலிருந்து அதைச் சற்றுத் தூக்குவது, பாயின் தலைமாட்டில் உயரமான தலையணை அல்லது மெத்தை போட்டுத் தலையைக் கருவிக்கு மேலே கொண்டுவருவது. காற்றை இழுக்கும் வாய் சுவரை ஒட்டாமலும், திரைச்சீலை அதன் மேல் விழாமலும் இருக்க வேண்டும்.

அறைக்காற்றையே அது இழுக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கொசுவத்திச் சுருளையும் சாம்பிராணியையும் ஃபில்டர் தடுக்காது. தூசியைத் தடுக்குமே தவிர, புகையும் மணமும் நேராக மூச்சில் போய்ச் சேரும். கொசுவலை கட்டிக்கொள்வதே சரி. குழாயை வலையின் அடிப்பகுதி வழியாக உள்ளே விட்டு, தலைக்கு மேல் வலைக்கயிற்றில் துணி வளையம் போட்டுத் தொங்கவிட்டால், புரண்டு படுக்கும்போது குழாய் மாஸ்க்கை இழுக்காது. ஆனி ஆடியில் மேல்காற்று அடிக்கும் வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கத்து வீடுகளில் மணல்தூசி எங்கும் படியும். மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லும் ஃபில்டரை அந்தப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறமானால் மாற்றுங்கள்.

படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசிய முகத்தில் மாஸ்க் வழுக்கும். எண்ணெய் அதன் மென்மையான விளிம்பையும் கெடுக்கும். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் எடுக்கிறவர்கள் அன்றிரவு கூடுதலாகக் கழுவிக்கொள்ளட்டும். நெற்றித் தாங்கி உள்ள மாஸ்க் என்றால் திருநீற்றையும் துடைத்துவிடுங்கள். அந்தப் பொடி வியர்வையோடு சேர்ந்து தோலை அரிக்கும்.

முழு இரவுகள்

தொடக்கத்தில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றும் ராம்ப் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. அதை இருபது நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். மூச்சு விடும்போது அழுத்தத்தைச் சற்றுத் தாழ்த்தும் வசதியும் பலவற்றில் உண்டு. மருத்துவரைக் கேட்டு அதை இயக்கிக்கொள்ளுங்கள். உறக்கம் வராமல் அரை மணி நேரம் தவித்தால் கழற்றி வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, சற்றுக் கழித்து மறுபடி மாட்டுங்கள். கோபத்தோடு மாட்டிக்கொண்டு படுப்பதில் பயனில்லை.

முதல் வாரங்களில் உறக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றிவிடுவது வழக்கம். விழிப்பு வந்ததும், மணி என்னவாக இருந்தாலும், திரும்ப மாட்ட வேண்டும். சிறுநீர் கழிக்க எழுந்தால் மாஸ்க்கைக் கழற்றாமல் குழாயை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். 'மூணு மணி வரைக்கும் போட்டேன், போதும்' என்று பலர் நினைக்கிறார்கள். கனவு காணும் உறக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். தசைகள் மிகவும் தளர்வதும், பலருக்கு மூச்சுத்தடை நீண்டு மோசமாவதும் அப்போதுதான். அந்த விடியற்கால மணிகளை விட்டுவிட்டால் நோயின் கடுமையான பகுதிக்கு மருத்துவம் கிடைக்காமல் போகிறது.

ஓர் இரவில் 4 மணி நேரம், பத்தில் ஏழு இரவுகள் என்பதை மருத்துவர்கள் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அடிக்கோடு மட்டுமே. 2016இல் வெளிவந்த சேவ் என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தநாள நோயோ இருந்த 2717 பேரைக் கவனித்தார்கள். சிபாப் கொடுத்த பிரிவில் குறட்டையும் பகல்நேரத் தூக்கக் கலக்கமும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது; ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் அணிந்த சராசரி நேரம் இரவுக்கு 3.3 மணிதான். கருவி எல்லா நோயையும் தடுத்துவிடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். அணிந்த மணிகளுக்குத்தான் பலன் உண்டு என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

தொல்லைகளும் அவற்றின் காரணமும்

காலையில் வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டால் இரவில் வாய் வழியாகக் காற்று போகிறது என்று பொருள். ஈரப்பதத்தை ஒரு படி கூட்டுங்கள். தீராவிட்டால் வாய் திறக்காமல் தாடையைத் தாங்கும் தாடைப்பட்டை அல்லது வாயையும் மூடும் மாஸ்க். மூக்கடைப்போடு போராட வேண்டாம். படுக்கும் முன் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு உதவும், ஒவ்வாமை இருந்தால் மூக்கில் அடிக்கும் மருந்தை மருத்துவர் தருவார். தண்ணீர்த் தொட்டியில் நீலகிரித் தைலம், விக்ஸ் எதையும் கலக்கவே கூடாது.

வயிறு உப்பி, ஏப்பமும் வாயுவுமாக விடிந்தால் காற்றை விழுங்கியிருக்கிறீர்கள். தலைமாட்டை உயர்த்துங்கள், இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடியுங்கள். அழுத்தத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கண் எரிந்தால் மாஸ்க்கின் மேல் விளிம்பில் கசிவு. தோல் சிவந்தால் இறுக்கம் அதிகம், அல்லது அளவு தவறு.

குழாயில் கடகடவென்று சத்தம் கேட்டு, முகத்தில் சொட்டு விழுந்தால், வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் நீராகப் படிகிறது. ஏசி அறையிலும், சாரல் காலத்தில் தென்காசி, செங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்திலும் இது சகஜம். ஈரப்பதத்தைக் குறையுங்கள், அதோடு குழாய்க்குப் பருத்தித் துணியில் உறை தைத்துப் போடுங்கள். அக்கா பழைய வேட்டியில் ஒன்று தைத்தார். குழாயின் நீளத்துக்கு ஒரு சாண் கூட்டி, இரு முனையிலும் நாடா கோத்து, முகத்தில் படும் பக்கம் மட்டும் இரட்டை மடிப்பாக. அத்தானுக்குச் சொட்டு நின்றதோடு, குளிர்ந்த பிளாஸ்டிக் கழுத்தில் படும் கூச்சமும் போயிற்று.

நீரும் கழுவலும்

தொட்டிக்கு வாலை வடிநீர்தான், அதாவது டிஸ்டில்டு வாட்டர். மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். பேட்டரிக் கடைக் கேன் நீர் மூச்சுக்குப் போகும் தூய்மையைக் கருதி அடைக்கப்பட்டதல்ல. கிடைக்காத ஓரிரு இரவுகளுக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய நீர் போதும். தாமிரபரணிக் குழாய்நீர் வரும் ஊர்களிலேயே வெள்ளைப் படிவு வரும். உப்புக் கிணறு உள்ள கடலோர ஊர்களில் சில நாளிலேயே தொட்டியின் அடி வெளுத்துவிடும். படிந்துவிட்டால் வினிகர் ஒரு பங்கு, நீர் பத்துப் பங்கு கலந்து ஊறவிட்டுக் கழுவலாம். தினமும் காலையில் மீதி நீரைக் கொட்டித் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். மாஸ்க்கின் முகம் படும் பகுதியைத் தினமும், குழாயையும் வார்களையும் வாரம் ஒருமுறையும் மிதமான சோப்பில் கழுவி, வெயில் படாமல் நிழலில் உலர்த்துங்கள்.

மின்தடையும் பயணமும்

மின்சாரம் நின்றால் காற்றும் நிற்கும். அப்போது மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். வாயையும் மூடும் மாஸ்க்கில் அதற்காகவே வெளிக்காற்றை அனுமதிக்கும் தடுக்கிதழ் இருந்தாலும், அதை நம்பித் தொடர்ந்து உறங்கக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் கருவிக்கு ஒரு பிளக்கை இணைத்துக்கொள்வது நல்லது. சூடேற்றும் பகுதிதான் மின்சாரத்தை அதிகம் தின்கிறது. இன்வெர்ட்டரில் ஓடும் இரவுகளில் அதை நிறுத்தினால் பேட்டரி வெகுநேரம் தாங்கும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது கீழ்ப் படுக்கை கேளுங்கள். கைப்பேசிக்கான பிளக் இரவில் நிறுத்தப்படலாம் என்பதால் கருவிக்குரிய தனி பேட்டரி இருந்தால் நிம்மதி. விமானத்தில் அதைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் கடிதம் உடன் இருக்கட்டும். எங்கே கிளம்பினாலும் தொட்டியைக் காலி செய்த பிறகே பையில் வையுங்கள். நீரோடு சாய்ந்தால் மோட்டார் கெடும்.

எண்களும் மருத்துவரும்

காலையில் திரையில் மூன்றைப் பாருங்கள்: அணிந்த நேரம், கசிவு, ஏஎச்ஐ. ஏஎச்ஐ 5க்குக் கீழே நிலையாக இருந்தால் சரி. ஓர் இரவின் எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஒரு வாரச் சராசரியைப் பாருங்கள். முதல் மாத முடிவில், இந்த எண்கள் பதியும் கருவியின் பதிவு அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள். எடை வெகுவாகக் குறைந்தாலோ கூடினாலோ அழுத்தத்தை மறுபடி நிர்ணயிக்க வேண்டியிருக்கும். மதுவும் உறக்க மாத்திரையும் தொண்டையை மேலும் தளர்த்தும். அடிக்கடி மூக்கில் ரத்தம், காதுவலி, கடுமையான தலைவலி, நெஞ்சுவலி வந்தால் காத்திருக்காதீர்கள். பகல் தூக்கக் கலக்கம் தீரும் வரை தொலைதூரம் வண்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள்.

எந்த அறுவை சிகிச்சைக்கும் முன், அது பல் பிடுங்குவதாகவோ கண்புரையாகவோ இருந்தாலும், உங்களுக்கு உறக்க மூச்சுத்தடை இருப்பதையும் எந்த அழுத்தத்தில் கருவி ஓடுகிறது என்பதையும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் மாற்றுத் துணியோடு கருவியையும் மாஸ்க்கையும் எடுத்துப் போங்கள். போன ஆண்டு குடலிறக்க அறுவைக்கு அத்தானைச் சேர்த்தபோது, பையில் அக்கா முதலில் வைத்தது அந்த வேட்டித்துணி உறை போட்ட குழாயைத்தான்.